ஓசிச் சனிக்கிழமை

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் தாம்பரத்தில் விடியற்காலை ஆறு மணிக்கே வீட்டுக்கு வீடு டி.வி. ஓடும். செய்திக்காக அல்ல. அடியில் ஓடுகிற ஒற்றை வரிக்காக. ‘செங்கல்பட்டு மாவட்டத்தில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை’ என்று வந்துவிட்டால் போதும், பிள்ளைகள் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொள்ளும். 2019 நவம்பரில் புது மாவட்டம் பிறக்கும்வரை இதே வரிக்காகக் காஞ்சிபுரம் கலெக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மீனம்பாக்கத்துக்கு லீவு, பல்லாவரத்துக்குப் பள்ளிக்கூடம் என்கிற கூத்தெல்லாம் நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பழகிப்போன விஷயம்.

லீவு விட்டது சந்தோஷம். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. மழை விட்டு, தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, ரெண்டு வாரம் கழித்து ஒரு சர்க்குலர் வரும். ‘மழை விடுமுறையை ஈடுசெய்யும் வகையில் வரும் சனிக்கிழமை பள்ளிகளுக்கு முழு வேலை நாள்.’

அந்தச் சனிக்கிழமைக்கு யார் காசு கொடுப்பது? இதுதான் இந்த வாரக் கேள்வி.

‘அட, இதெல்லாம் ஒரு கேள்வியா? வாத்தியாருங்களுக்கு என்ன குறைச்சல்? வருஷத்துல பாதி நாள் லீவு, கை நிறையச் சம்பளம், இதுல சனிக்கிழமைக்குத் தனியா வேற படியளக்கணுமா?’ என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்த முணுமுணுப்பில் பாதி நியாயம். மீதிப் பாதி அநியாயம். ரெண்டையும் பிரித்துப் பார்க்காமல் ‘வாத்தியார்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் இந்தப் பிரச்னை இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது.

முதலில் இது ஏன் நம்ம ஏரியாவின் பிரச்னை என்று சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் 1. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு ஊருக்குள் வந்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் படகில் போகிற ஊர்களாயின. அந்த வருஷம் நவம்பர் ரெண்டாவது வாரத்திலிருந்து டிசம்பர் பாதி வரை பெரும்பாலான நாட்கள் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. டிசம்பரில் நடக்க வேண்டிய அரையாண்டுப் பரீட்சை 2016 ஜனவரிக்குப் போனது. 2021 நவம்பரில் மறுபடி முடிச்சூரில் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து ஒரு வாரம் பள்ளிகள் இல்லை. அதாவது, திருச்சிக்கோ சேலத்துக்கோ ஈடுகட்டும் சனிக்கிழமை என்பது எப்போதாவது வருகிற விருந்தாளி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே வீடு கட்டிக்கொண்ட நமக்கு அது வருஷா வருஷம் வருகிற மாமனார்.

இப்போது முணுமுணுப்புக்கு வருவோம்.

மாதச் சம்பளம் வாங்கும் நிரந்தர ஆசிரியருக்கு மழை லீவு நாளிலும் சம்பளம் உண்டு. யாரும் பிடிப்பதில்லை. அந்த நாளைப் பிறகு ஒரு சனிக்கிழமையில் அவர் ஈடுகட்டுகிறார். வாங்கிய காசுக்கு வேலை. அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமைக்கு அவர் தனியாகக் காசு கேட்டால், கொடுக்க வேண்டாம் என்று முதல் ஆளாக நானே எழுதுவேன். ஆக, உங்கள் முணுமுணுப்பில் பாதி நியாயம்.

ஆனால் ஒரு கேள்வி. சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்து கேட்டைத் திறப்பது யார்? வகுப்பைப் பெருக்குவது, கக்கூஸைக் கழுவுவது யார்? பள்ளி திறந்தால் அடுப்பு எரிய வேண்டுமே, சத்துணவுக் கூடத்தில் புகையில் நிற்பது யார்? டிராயிங் மாஸ்டர், தையல் டீச்சர், பி.டி. சார், கம்ப்யூட்டர் மிஸ் என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்களே, அவர்களெல்லாம் யார்? காலி இடத்தில் தற்காலிகமாக உட்கார வைக்கப்பட்டு, கணக்கும் அறிவியலும் நடத்துகிற அந்த இளம் ஆசிரியை யார்?

இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. தொகுப்பூதியம், மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்று அழகழகான பெயர்கள் உண்டு. தமிழில் கூலியைக் குறைத்துக் கொடுக்க இத்தனை வார்த்தைகள் இருப்பது நம் மொழிவளத்துக்குச் சான்று!

ஒரு சின்னக் கணக்கு போடலாம். நாலாங்கிளாஸ் கணக்குதான்.

2022-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்து 7,500-ஐ வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 340 ரூபாய். இப்போது சனிக்கிழமைகளையும் சேர்த்து 26 நாள் என்று வகுங்கள். 288 ரூபாய்.

புரிகிறதா? சனிக்கிழமை பள்ளிக்கு வரச் சொல்லும்போது அந்த ஆசிரியைக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை என்பது மட்டுமல்ல விஷயம். அவருடைய நாள் கூலி குறைகிறது! வேலை கூடக் கூடக் கூலி குறைகிற அதிசயம் உலகத்தில் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது? அதே 2022-23-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 281 ரூபாய். நூறு நாள் வேலை செய்பவரின் கூலி அதிகம் என்று நான் சொல்லவில்லை. அதுவே போதாது. பி.எட்.டோ டிப்ளமோவோ படித்துவிட்டு, நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறவரை அந்தக் கூலிக்கு ஏழே ரூபாய் மேலே நிறுத்தி வைத்திருக்கிறோமே என்பதுதான் வெட்கம்.

அடுத்தது பகுதி நேர ஆசிரியர்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை என்று 16,549 பேரை அரசு எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதத்துக்கு 12 அரை நாள். சம்பளம் 5,000 ரூபாய். மே மாதம் பள்ளி கிடையாது, ஆகவே சம்பளமும் கிடையாது என்றார்கள். பத்து வருஷத்துக்கும் மேல் இந்த ஏற்பாடு அப்படியே ஓடியது. வருஷத்துக்குப் பதினோரு மாதம், 55,000 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பினால் 4,583 ரூபாய். மே மாதத்தில் வீட்டு ஓனர் வாடகை வேண்டாம் என்றாரா? மளிகைக் கடைக்காரர், ‘சார், கோடை விடுமுறை, அரிசி இலவசம்’ என்றாரா?

பகுதி நேரம் என்பது காகிதத்தில். ஆண்டு விழா என்றால் டிராயிங் மாஸ்டர் வர வேண்டும். விளையாட்டுப் போட்டி என்றால் பி.டி. சார் பிள்ளைகளைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விட வேண்டும். இணையத்தில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரம் என்றால் கம்ப்யூட்டர் மிஸ்ஸைத்தான் தேடுவார்கள். இதில் எத்தனை அரை நாள் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்கும்? ‘முடியாது சார், என் பன்னிரண்டு முடிஞ்சிருச்சு’ என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிப் பார்க்கட்டும். அடுத்த வருஷம் வேலை இருக்குமா இல்லையா என்று தெரியாதவர் வாயில் அந்த வார்த்தை வராது.

அந்தச் சம்பளம் பிறகு 7,000 ஆகி, 7,700 ஆகி, 2021-ல் 10,000 ஆனது. அதே ஆண்டு தேர்தலில் இவர்களைப் பணி நிரந்தரம் செய்வோம் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. 181-ஆவது வாக்குறுதி. 2023-ல் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்து போராடிய பிறகு, அக்டோபரில் 2,500 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது. பணி நிரந்தரம் வரவில்லை. கேட்டது நிலம், கிடைத்தது ஒரு சட்டி மண்.

கடைசிப் படியில் தூய்மைப் பணியாளர். மழைக்கு ஒதுங்கும் முகாமாகப் பள்ளிக்கூடத்தைத்தான் அரசு திறந்துவிடும். நியாயமான ஏற்பாடு. வீட்டில் இடுப்பளவு தண்ணீர் இருக்கும்போது ஜனங்கள் வேறு எங்கே போவார்கள்? முகாம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு அந்த வகுப்பறைகளையும் கழிப்பறைகளையும் பார்த்திருக்கிறீர்களா? திங்கட்கிழமை உங்கள் பிள்ளை போய் உட்காரும் முன் அதையெல்லாம் கழுவி எடுக்கிற அம்மாவுக்குச் சனி, ஞாயிறு கிடையாது. அவர் நாள் கணக்கில் கூலி வாங்குகிறவர் என்றால், மழை லீவு அவருக்குக் கூலி லீவு. தொகுப்பூதியக்காரர் என்றால், அந்தக் கூடுதல் நாள் ஓசி. எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் அவருக்கு.

‘கூடுதல் நாளுக்குக் காசு கொடுக்கிற வழக்கம் அரசாங்கத்தில் இல்லையே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கம் நன்றாகவே இருக்கிறது. தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியருக்குத் தேர்தல் கமிஷன் மதிப்பூதியம் தருகிறது. பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தினால் தாளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருகிறார்கள். வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்ததை 2025 ஆகஸ்டில் 12,000 ஆக்கினார்கள். ஓட்டுப் பெட்டிக்குக் காவல் இருந்தால் காசு உண்டு. பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் புண்ணியமா?

இதற்கு நேர் எதிரான வழக்கமும் இருக்கிறது. அதை அரசு ஒருநாளும் மறந்ததில்லை. 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஸ்டிரைக் செய்தபோது சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே மூச்சில் டிஸ்மிஸ் செய்தது அன்றைய ஜெயலலிதா அரசு. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையே இல்லை என்று அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2003 ஆகஸ்டில் சொன்னது. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ போராட்டம். 22-ம் தேதியிலிருந்து 30-ம் தேதி வரை. ‘வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை’ என்று அறிவித்தது அன்றைய எடப்பாடி பழனிசாமி அரசு. அந்தப் போராட்ட நாட்களைப் பணிக்காலமாகக் கருதுவோம் என்று ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தது 2021 செப்டம்பரில்.

வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ரொம்பச் சரி. நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாணயத்துக்கு இன்னொரு பக்கம் இருக்க வேண்டுமே? அதிகமாக வேலை செய்த நாளுக்கு அதிகச் சம்பளம். ஒரு நாள் வராவிட்டால் முப்பதில் ஒரு பங்கைப் பைசா சுத்தமாகப் பிடிக்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, ஒரு நாள் கூட வந்தால் அதே பங்கைச் சேர்க்கத் தெரியாதா? கழித்தல் மட்டும் தெரிந்து கூட்டல் தெரியாத பிள்ளையை நாம் எந்த வகுப்பில் உட்கார வைப்போம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அதுதான் பெரிய வேடிக்கை.

தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் இருக்கிறது. 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம். அங்கே ஒரு தொழிற்சாலையில் தைக்கிற பெண், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வேலை செய்தால் இரட்டிப்புக் கூலி கேட்கச் சட்டம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு அதைச் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அந்த இரட்டிப்பை வைத்திருக்கிறது. ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்பது வேறு கதை. கேட்பதற்கு ஒரு பிரிவாவது இருக்கிறது.

அந்தப் பெண்ணின் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுக்கிற டீச்சருக்கு அந்தப் பிரிவு கிடையாது. தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்று 1988-ல் சுந்தராம்பாள் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆசிரியர் செய்வது உன்னதமான பணியாம். ஆகவே தொழிலாளி கணக்கில் வரமாட்டாராம். தைத்தால் ஓவர்டைம், தைக்கக் கற்றுக்கொடுத்தால் உன்னதம்!

ஆனால் அதே கோர்ட்டுகள் வேறு கதவுகளையும் திறந்திருக்கின்றன. 1982-ல் ஆசியாட் விளையாட்டுக்காக டெல்லியில் மைதானம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியல் சட்டம் 23-ஆவது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பு என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2016-ல் பஞ்சாப் தற்காலிக ஊழியர்கள் வழக்கில், ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்பது தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்றது. 2020 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பள்ளி மதிய உணவு சமைக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்து வந்ததைக் கட்டாய உழைப்பு என்றே அலகாபாத் ஐகோர்ட் சொல்லிவிட்டது. அந்த 1,000 ரூபாய் எங்கிருந்து வந்தது தெரியுமா? சமையல் உதவியாளருக்கு மாதம் 1,000, வருஷத்தில் பத்து மாதத்துக்கு மட்டும் என்று மத்திய அரசு 2009-ல் போட்ட கணக்கு. பசிக்கு ஏது கோடை விடுமுறை என்று டெல்லியில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

நிரந்தர ஆசிரியர்களுக்கும் ஒரு நியாயமான பங்கு இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஈடுகட்டும் சனிக்கிழமைக்குக் காசு வேண்டாம் என்றேன். ஆனால் எதையும் ஈடுகட்டாத, உண்மையிலேயே கூடுதலான நாட்கள் உண்டு. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு லீவு நாள் ஸ்பெஷல் கிளாஸ், கோடை விடுமுறையில் அட்மிஷன் வேலை, பயிற்சி முகாம். இதற்கெல்லாம் ஈடுசெய் விடுப்பு, ஈட்டிய விடுப்பு என்று விதிப் புத்தகத்தில் பதில் வைத்திருக்கிறார்கள். காசு இல்லை, பதிலுக்கு லீவு. சேர்ந்த ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து காசாக்கலாம் என்றும் இருந்தது. 2020-ல் கொரோனாவைச் சொல்லி அந்த ஜன்னலைச் சாத்தினார்கள். கொரோனா போயும் ஜன்னல் திறக்கவில்லை. 2025 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். ஐந்தரை வருஷம்! உங்கள் முதலாளி, ‘உன் ஓவர்டைம் பணம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் ஐந்து வருஷம் எடுக்க முடியாது’ என்று சொன்னால் சும்மா இருப்பீர்களா?

‘ஆசிரியப் பணி அறப்பணி. சேவை மனப்பான்மை வேண்டாமா?’ என்று மேடையில் ஒருவர் கட்டாயம் பேசுவார். அப்படிப் பேசுகிறவர் தன் பிள்ளையை எங்கே படிக்க வைக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்கு மாதா மாதம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருப்பார். தனியாருக்கு ஞாயிற்றுக்கிழமை கட்டணம். அரசுப் பள்ளிக்குச் சனிக்கிழமை தர்மம்.

இங்கிலாந்தில் அரசு ஆசிரியருக்கு வருஷத்துக்கு 195 நாள், 1,265 மணி நேரம் என்று 1987-லிருந்து எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த 195-ல் 190 நாள் பாடம், மிச்சம் 5 நாள் பயிற்சி, மற்ற வேலைகள். பாடம் தயாரிப்பது, நோட்டு திருத்துவது வேறு கணக்கு. ஆனால் ‘நாளைக்கு வந்துவிடு’ என்று ஹெட்மாஸ்டர் சொன்னால், அது அந்த 195-க்குள் வருகிறதா என்று திருப்பிக் கேட்க ஓர் எண் இருக்கிறது. எண் என்று ஒன்று இருந்தால்தான் ‘கூடுதல்’ என்கிற வார்த்தைக்கே அர்த்தம்.

நம் ஊரிலும் எண் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள். 2024-25-க்கு 220 வேலை நாள் என்று பள்ளிக் கல்வித் துறை நாட்காட்டி போட்டது. அதற்காகச் சனிக்கிழமைகள் பலவும் வேலை நாளாயின. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. கடைசியில் 210 என்று குறைத்தார்கள். துறைக்கு நிம்மதி, சங்கங்களுக்கு வெற்றி. பிள்ளைகளுக்கு? பத்து நாள் போச்சு!

இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த விவகாரத்தில் உண்மையில் பணயமாக இருப்பது வாத்தியாரின் பர்ஸ் அல்ல. முடிச்சூரில் மழைக்கு ரெண்டு வாரம் மூடிய அரசுப் பள்ளிப் பிள்ளையின் அந்த ரெண்டு வாரம். தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அந்த இழப்பை டியூஷனும் வீட்டில் படித்த அப்பா அம்மாவும் ஈடுகட்டிவிடுவார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாதி இல்லை. அந்தச் சனிக்கிழமையை ஓசியில் நடத்தினால் என்ன ஆகும்? ரிஜிஸ்தரில் கையெழுத்து இருக்கும். பாடம் இருக்காது. பாதி வகுப்பு காலியாக இருக்கும். பஸ் காசைக் கைக்காசாகப் போட்டு வந்த தற்காலிக டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓசியில் வாங்கினது ஓசி மாதிரிதான் இருக்கும்.

காசு இல்லை என்பார்கள். இன்னொரு கணக்கு. 2012-ல் சேர்ந்த 16,549 பேரும் ஒருவர் விடாமல் இன்னும் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 12,500 ரூபாய் மேனி ஒரு முழு மாதச் சம்பளம் கொடுத்தால் சுமார் 20 கோடியே 69 லட்சம். 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. ஆயிரம் ரூபாய் வைத்திருக்கிறவரிடம் 44 காசு கேட்கிறோம். அதுவும் ஒரு முழு மாதத்துக்கு. சில சனிக்கிழமைகளுக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். 44 காசு இல்லாத ஆயிரம் ரூபாய்க்காரரை உலகத்திலேயே நம்ம ஊரில்தான் பார்க்கலாம்.

‘காசு என்று ஆரம்பித்தால் தேவையில்லாமல் பள்ளியைத் திறந்து கணக்கு எழுதுவார்களே?’ நல்ல சந்தேகம். அதற்கும் வழி இருக்கிறது. என் யோசனைகள் இவை:

ஒன்று. ஜூன் மாதமே வேலை நாள் எத்தனை என்று ஓர் எண்ணை அறிவியுங்கள். நடுவில் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள்.

ரெண்டு. மழையோ புயலோ, அரசு அறிவித்த விடுமுறைக்குத் தற்காலிக, தொகுப்பூதிய, தினக்கூலி ஊழியர் யாருக்கும் கூலி பிடிக்கக் கூடாது. அப்படிக் கொடுத்துவிட்டால் ஈடுகட்டும் சனிக்கிழமைக்கு அவர்களும் நிரந்தர ஆசிரியரைப் போலவே வரட்டும்.

மூன்று. அந்த எண்ணைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும், தூய்மைப் பணியாளரிலிருந்து முதுகலை ஆசிரியர் வரை, ஒரு நாள் ஊதியம். நிரந்தர ஆசிரியர் விரும்பினால் காசுக்குப் பதில் ஈடுசெய் விடுப்பு எடுத்துக்கொள்ளட்டும். தேர்வு அவருடையது, ஹெட்மாஸ்டருடையது அல்ல.

நாலு. பன்னிரண்டு மாதச் சம்பளம் என்பது பள்ளியில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் தூக்கிப் போடும் கருணையாக அல்ல.

அஞ்சு. கூடுதல் நாள் உண்மையிலேயே நடந்ததா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் கையெழுத்துப் போடட்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான். யார் வந்தார்கள், என்ன நடத்தினார்கள் என்று பிள்ளையைக் கேட்டாலே தெரிந்துவிடுமே.

ஆசிரியர் சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய ஓய்வூதியத்துக்காகப் போராடுகிறீர்கள். தப்பில்லை, போராடுங்கள். ஆனால் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஸ்கூல் ஆயாம்மாவின் சனிக்கிழமைக் கூலி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? உங்கள் ஸ்டிரைக் நாட்களில் உங்கள் இடத்தில் உட்கார 7,500 ரூபாய்க்கும் பிறகு 10,000 ரூபாய்க்கும் ஆள் எடுக்கிறோம் என்று 2019-ல் அரசு அறிவித்தபோது, அந்த வேலைக்கு வரிசையில் நிற்க ஏன் அத்தனை பேர் தயாராக இருந்தார்கள் என்று யோசித்தீர்களா? கீழே இருப்பவர் ஓசியில் உழைக்கத் தயாராக இருக்கும்வரை, மேலே இருப்பவரின் சம்பளமும் பத்திரம் இல்லை.

கடைசியாக உங்களுக்கு. 2021 நவம்பரில் அஞ்சு நகராட்சி, அஞ்சு பேரூராட்சிகளைச் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கியாயிற்று. கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், எம்.எல்.ஏ. இருக்கிறார். மழை வந்தால் அவர்களுக்குப் போன் போட்டுத் தண்ணீர் எப்போது வடியும் என்று கேட்கிறோம் இல்லையா? இந்த வருஷம் மழை விட்டதும் இன்னொரு போன் போடுங்கள். ‘எங்க ஸ்கூல்ல சனிக்கிழமை கிளாஸ் வெச்சிருக்காங்க. சந்தோஷம். அன்னிக்கு கேட் திறந்தவங்களுக்கும், பெருக்கினவங்களுக்கும், பாடம் எடுத்த டெம்பரவரி டீச்சருக்கும் காசு போயிருச்சா?’ என்று கேளுங்கள்.

பதில் வரும்வரை விடாதீர்கள்.